பணியிடைப் பயிற்சி: கட்டணமும் காலமும்

தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் ஒருவர், படிக்கும் காலத்தில் கற்றதை மட்டும் வைத்துக்கொண்டு ஓய்வுபெறும் வயதுவரை வேலை செய்ய முடியாது. ஒரு காலத்தில் இணையப் பக்கங்களில் அசைவூட்டப் படங்களையும் விளையாட்டுகளையும் உருவாக்குவதற்காகப் பலர் ஃபிளாஷ் என்னும் மென்பொருளைக் கற்றார்கள். அத்திறனுக்கு அன்று நல்ல மதிப்பு இருந்தது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டின் முதல் நாளில், பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவும் முடிவுக்கு வந்தது.

இன்னொரு மாற்றம் 2006இல் தொடங்கியது. அவ்வாண்டு அமேசான் நிறுவனம் தன் கணினிகளின் ஆற்றலை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அலுவலகத்தின் ஓர் அறையில் கணினிகளை அடுக்கிவைத்துப் பராமரித்துவந்த ஊழியர்கள், மேகக் கணிமை என்னும் புதிய முறையைக் கற்கவேண்டிய நிலை ஏற்பட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது நிரலாளர்களுக்கு மட்டுமன்றி அலுவலக ஊழியர்களுக்கும் தேவையாகிவருகிறது.

ஆகவே, வேலைக்குச் சேர்ந்த பிறகும் கற்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. பயிற்சிக்குச் செல்லும் நேரத்தில் வேலை நின்றுபோகும். குடும்பத்திற்காக ஒதுக்கிய மாலைப்பொழுதும் குறையும். இந்தச் செலவுகளை யார் ஏற்பது? சிங்கப்பூரில் இக்கேள்விக்கு என்ன விடை காணப்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று வகைச் செலவுகள்

தொழில்நுட்பத் துறையில் திறனை வளர்த்துக்கொள்ள மூன்று வழிகள் பரவலாக உள்ளன. முதலாவது, பயிற்சி வகுப்பு. இது இரண்டு நாள் வகுப்பாகவும் இருக்கலாம். பல மாதங்கள் நீடிக்கும் பட்டயக் கல்வியாகவும் இருக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், தனியார் பயிற்சி நிலையங்கள் ஆகியவை இவ்வகுப்புகளை நடத்துகின்றன.

இரண்டாவது, சான்றிதழ்த் தேர்வு. ஒரு குறிப்பிட்ட மென்பொருளையோ சேவையையோ கையாளும் திறன் ஒருவருக்கு உண்டு என்பதை, அதனை உருவாக்கிய நிறுவனமே தேர்வு வைத்து உறுதிப்படுத்துகிறது. எடுத்துக்காட்டாக, அமேசான் வெப் சர்வீசஸ் நடத்தும் இடைநிலைத் தேர்வுகளுக்குக் கட்டணம் 150 அமெரிக்க வெள்ளி. தேர்வில் தவறினால் மீண்டும் முழுக் கட்டணத்தையும் செலுத்தவேண்டும். தேர்ச்சி பெற்றாலும் அச்சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முறை வேறு. அதன் இடைநிலைச் சான்றிதழ்கள் ஓராண்டுக்கே செல்லும். ஆனால் அவற்றை இணையத்தில் ஒரு சிறு தேர்வு எழுதி இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எனவே, ஒரு சான்றிதழுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது முதல் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதைத் தக்கவைத்துக்கொள்ள ஆகும் செலவையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, மாநாடு. ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூடித் தாங்கள் செய்தவற்றையும் கற்றவற்றையும் பகிர்ந்துகொள்வதே மாநாடு. வெளிநாட்டில் நடைபெறும் மாநாட்டிற்குச் செல்ல நுழைவுக் கட்டணத்துடன் விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகிய செலவுகளும் சேரும். பல நேரங்களில் நுழைவுக் கட்டணத்தைவிட இந்தத் துணைச் செலவுகளே அதிகமாக இருக்கும்.

அரசாங்கத்தின் பங்கு

சிங்கப்பூரில் பயிற்சிக்கு நிதி திரட்டும் முறை 1979ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு திறன் மேம்பாட்டு நிதி அமைக்கப்பட்டது. முதலாளிகள் தங்களிடம் பணியாற்றும் ஒவ்வோர் ஊழியருக்காகவும் இந்நிதிக்கு மாதந்தோறும் ஒரு தீர்வை செலுத்துகிறார்கள். அது ஊழியரின் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு. குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி. மாதம் 3,000 வெள்ளி சம்பளம் பெறும் ஊழியருக்கு முதலாளி செலுத்தும் தொகை 7.50 வெள்ளி. இது ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவதில்லை.

இந்தத் தீர்வை சிறியதாகத் தோன்றலாம். ஆனால், அது ஒரு பழைய சிக்கலுக்குத் தீர்வாக அமைகிறது. “நாம் செலவு செய்து பயிற்சி கொடுத்தால், அந்த ஊழியர் வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிடுவாரே” என்ற அச்சம் முதலாளிகளுக்கு இயல்பாகவே உண்டு. எல்லா முதலாளிகளும் இப்படி நினைத்தால் எவருமே பயிற்சி அளிக்கமாட்டார்கள். நாளடைவில் எல்லா நிறுவனங்களுக்கும் திறனாளர்கள் கிடைக்காமல் போவார்கள். எல்லா முதலாளிகளும் ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்தும்போது, பயிற்சி அளிக்கும் நிறுவனம் மட்டும் சுமையைத் தாங்கவேண்டிய நிலை குறைகிறது. பயிற்சி பெற்ற ஊழியர் வேறு நிறுவனத்திற்குச் சென்றாலும் அவருடைய திறன் நாட்டிற்குள்தான் இருக்கும்.

2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தொடங்கப்பட்டது. முதலாளியின் முடிவுக்காகக் காத்திராமல், தனிமனிதர் தாமே பயிற்சியைத் தேர்ந்தெடுக்கவும் அது வழிவகுத்தது. 2016 ஜனவரி முதல், 25 வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 500 வெள்ளி வழங்கப்பட்டது. இத்தொகையை ரொக்கமாக எடுக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளின் கட்டணத்திற்கு மட்டுமே பயன்படுத்தலாம். 2024 மே மாதத்தில், 40 வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூரர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி வழங்கப்பட்டது. வேலைச் சந்தையில் பயன் தரக்கூடியவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு இந்தக் கூடுதல் தொகையைப் பயன்படுத்தலாம்.

இவற்றுடன் கட்டணக் கழிவும் உண்டு. அரசாங்க ஆதரவு பெற்ற பல பயிற்சிகளுக்கு 70 விழுக்காடு வரை கட்டணக் கழிவு கிடைக்கிறது. 40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு அது 90 விழுக்காடு வரை உயர்கிறது. நடுத்தர வயதில் வேலை மாறுவது கடினம் என்பதாலும், குடும்பப் பொறுப்பு மிகுந்திருக்கும் காலம் அது என்பதாலும் அவர்களுக்குக் கூடுதல் ஆதரவு அளிக்கப்படுகிறது. தொழில்நுட்பத் துறைக்கென்றே 2016இல் தொழில்நுட்பத் திறன் முடுக்கத் திட்டமும் தொடங்கப்பட்டது. பிற துறைகளில் பணியாற்றியவர்கள் தகவல் தொழில்நுட்ப வேலைகளுக்கு மாறவும் அத்திட்டம் உதவுகிறது.

ஒரு சிறு கணக்கு

இந்த ஆதரவு எப்படிச் செயல்படுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்ப்போம். தரவுப் பகுப்பாய்வு குறித்த ஒரு பயிற்சியின் முழுக் கட்டணம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கணக்கை எளிமையாக்கப் பொருள் சேவை வரியை விட்டுவிடுவோம்.

30 வயதுடைய சிங்கப்பூரர் ஒருவருக்கு 70 விழுக்காடு கழிவு கிடைத்தால், அவர் செலுத்தவேண்டியது 600 வெள்ளி. அதில் 500 வெள்ளியை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலிருந்து செலுத்திவிட்டால், கையிலிருந்து கொடுக்கவேண்டியது 100 வெள்ளி மட்டுமே. 42 வயதுடைய சிங்கப்பூரருக்கு 90 விழுக்காடு கழிவு கிடைத்தால், எஞ்சும் கட்டணம் 200 வெள்ளி. அதையும் தமக்குள்ள தொகையிலிருந்து செலுத்திவிட்டால் அவர் கையிலிருந்து ஒரு காசுகூடக் கொடுக்கவேண்டியதில்லை.

கணக்கு இத்துடன் முடிந்துவிட்டதா? அந்தப் பயிற்சிக்கு மொத்தம் 80 மணி நேர வகுப்பு என்று கொள்வோம். வாரத்தில் இரண்டு மாலைகள் மூன்று மணி நேரம், சனிக்கிழமை நான்கு மணி நேரம் என்றால், வாரத்திற்குப் பத்து மணி நேரம். எட்டு வாரங்கள் தொடர்ந்து சென்றால்தான் பயிற்சி முடியும். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளுக்கு வாரத்திற்கு ஐந்து மணி நேரம் சேர்த்தால் மொத்தம் 120 மணி நேரம். போக்குவரத்து நேரம் இதில் சேரவில்லை.

கட்டணம் இல்லாத அந்தப் பயிற்சிக்கு 120 மணி நேரம் விலையாகிறது. இந்த விலை எல்லாருக்கும் ஒரே அளவில் சுமையாக இருப்பதில்லை. தனியாக வாழும் இளைஞருக்கு மாலை நேரம் எளிதில் கிடைக்கலாம். ஏழு மணிக்குள் குழந்தையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்துவரவேண்டிய தாய்க்கு அது கிடைக்காது. முறைப்பணி செய்பவருக்கு இந்த வாரம் கிடைக்கும் மாலை அடுத்த வாரம் கிடைக்காது. தனித்தொழில் செய்யும் நிரலாளர் வேலை செய்யாத ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு வருமான இழப்பு. கட்டணத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால், கற்பவர் செலவிடும் நேரத்தை அவருக்குப் பதிலாக இன்னொருவர் செலவிட முடியாது.

நேரத்தின் விலையை ஈடுசெய்தல்

நேரத்தை இன்னொருவர் தர முடியாவிட்டாலும், அந்த நேரத்தில் ஏற்படும் வருமான இழப்பை ஈடுசெய்ய முடியும். சிங்கப்பூரில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, முதலாளிக்கு உதவுவது. வேலை நேரத்தில் ஊழியர் பயிற்சிக்குச் சென்றாலும் முதலாளி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார். அந்த நேரத்துச் சம்பளத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் நிதியுதவிக்கு நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம். சிறு நிறுவனங்களுக்கு இவ்வுதவி மிகவும் தேவை. ஐந்து பேர் பணியாற்றும் நிறுவனத்தில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் ஐந்தில் ஒரு பங்கு வேலை நின்றுவிடுமல்லவா?

இரண்டாவது வழி, கற்பவருக்கே உதவுவது. வேலையை விட்டு முழுநேரமாகப் பயில விரும்பும் நடுத்தர வயதினருக்குக் கட்டணக் கழிவு மட்டும் போதாது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்வி, பெற்றோரின் மருத்துவம் ஆகிய செலவுகள் பயிற்சிக் காலத்திலும் தொடரும். இதை உணர்ந்து, 2025 முதல் 40 வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்கால உதவித்தொகை வழங்கப்படுகிறது. தகுதிபெற்ற முழுநேரப் பயிற்சியில் சேர்வோர், தங்கள் முந்தைய சராசரி மாத வருமானத்தில் பாதியைப் பெறலாம். அதன் உச்சவரம்பு மாதம் 3,000 வெள்ளி. ஒருவர் தம் வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்கள் வரை இதைப் பெற முடியும். பகுதிநேரமாகப் பயில்வோருக்கு மாதம் 300 வெள்ளி வழங்கும் திட்டமும் 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

எனினும், இத்திட்டங்கள் எல்லாரையும் எட்டுவதில்லை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை குடிமக்களுக்கு உரியது. இங்கு வேலை அனுமதிச் சீட்டில் பணியாற்றும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்காகவும் முதலாளிகள் திறன் மேம்பாட்டுத் தீர்வையைச் செலுத்துகிறார்கள். அத்தகைய ஊழியர்களின் முன்னேற்றம் பெரும்பாலும் முதலாளியின் விருப்பத்தையே சார்ந்திருக்கிறது.

முதலாளியிடம் கேட்கும் முறை

பல நிறுவனங்கள் பயிற்சிக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குகின்றன. அதைக் கேட்டுப் பெறத் தயங்கும் ஊழியர்களும் இருக்கிறார்கள். வேறு சிலர், “எனக்கு இந்தப் பயிற்சி பிடித்திருக்கிறது” என்று மட்டும் கூறி, ஒப்புதல் கிடைக்காமல் திரும்புகிறார்கள். முதலாளி அறிய விரும்புவது வேறு. இந்தப் பயிற்சியால் நிறுவனத்தின் எந்த வேலை எளிதாகும் என்பதையே அவர் முதலில் கேட்பார்.

ஆகவே, கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தருவது நல்லது. அதில் சில விவரங்கள் இடம்பெறவேண்டும். நிறுவனம் இப்போது எதிர்நோக்கும் சிக்கல் என்ன, பயிற்சி அதைத் தீர்க்க எவ்வாறு உதவும், மொத்தச் செலவு எவ்வளவு, அரசாங்கக் கழிவு போக எஞ்சுவது எவ்வளவு, ஊழியர் இல்லாத நாள்களில் அவருடைய வேலையை யார் கவனிப்பார் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும். பயிற்சி முடிந்ததும் சக ஊழியர்களுக்கு ஒரு மணி நேர விளக்கவுரை ஆற்றுவதாகவும் கூறலாம். ஒருவருக்குச் செலவு செய்து பத்துப் பேர் பயன்பெறும் வாய்ப்பை எந்த முதலாளியும் எளிதில் தட்டிக்கழிக்கமாட்டார்.

முதலாளி பணம் கொடுக்கும்போது நிபந்தனையும் வரலாம். செலவு மிகுந்த பயிற்சிக்கு அனுப்பும் சில நிறுவனங்கள், பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் தங்களிடமே பணியாற்றவேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இடையில் விலகினால் செலவைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கும். எவ்வளவு காலம், எவ்வளவு தொகை, காலம் செல்லச் செல்ல அத்தொகை குறையுமா என்பவற்றைப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடவேண்டும். ஆழம் அறியாமல் காலை விடக்கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

மாநாட்டில் கிடைப்பது என்ன?

மாநாட்டு உரைகள் பலவும் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் நடைபெறும் தொழில்நுட்பச் சந்திப்புகளைக்கூடத் தன்னார்வலர்கள் ஒளிப்பதிவு செய்து இணையத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். அப்படியானால் மாநாட்டிற்கு நேரில் செல்வதால் என்ன பயன்?

உரைகளைக் காணொளியில் கேட்கலாம். உரைகளுக்கு இடையே நடக்கும் உரையாடல்களைக் கேட்க முடியாது. தேநீர் இடைவேளையில், தாம் பல வாரங்களாகத் திணறிவந்த ஒரு சிக்கலை ஏற்கெனவே தீர்த்த ஒருவரை நிரலாளர் சந்திக்கலாம். எந்த நிறுவனம் எத்தகைய திறனாளர்களைத் தேடுகிறது என்பது விளம்பரம் வெளிவரும் முன்பே தெரியவரலாம். இந்தப் பயன் தானாகக் கிடைக்காது. ஓர் ஓரத்தில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர், வீட்டிலிருந்தே காணொளியைப் பார்த்திருக்கலாம்.

செலவைக் குறைக்கவும் வழிகள் உள்ளன. முன்கூட்டியே பதிவு செய்வோருக்குப் பல மாநாடுகளில் கட்டணம் குறைவு. மாணவர்களுக்குத் தனிச் சலுகை இருப்பதுண்டு. பதிவு மேசையில் உதவுதல், அரங்கை ஒழுங்குபடுத்துதல் போன்ற தொண்டூழியம் செய்பவர்களுக்குச் சில மாநாடுகள் இலவச நுழைவு அளிக்கின்றன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் பைகான் என்னும் பைத்தான் மாநாட்டில் ஒரு வியப்பான மரபு உண்டு. அங்கே உரையாற்றுபவர்களும் ஏற்பாட்டாளர்களும்கூட நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார்கள். அதே மாநாடு, பணவசதி இல்லாதவர்களுக்குப் பயண உதவித்தொகையும் வழங்குகிறது. வசதி உள்ளவர் கொடுப்பதால் வசதி இல்லாதவரும் வர முடிகிறது.

தொலைதூரம் செல்லாமலும் மாநாடுகளில் கலந்துகொள்ளலாம். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான முதல் பைகான் மாநாடு 2010இல் சிங்கப்பூரில்தான் நடைபெற்றது. 2009இல் தொடங்கப்பட்ட ஃபாஸ்ஏஷியா என்னும் திறந்த மூல மென்பொருள் மாநாடும் பல ஆண்டுகள் இங்கு நடந்திருக்கிறது. பெருவிரைவு ரயிலில் சென்றுவரக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு மாநாட்டை விட்டுவிட்டு, விமானத்தில் செல்லவேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும்.

இலவசம் என்றால் செலவில்லையா?

பணம் இல்லாதவர் கற்கவே முடியாது என்ற நிலை இன்று இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக 2001இல் அறிவித்தது. 2014இல் தொடங்கப்பட்ட ஃப்ரீகோடுகேம்ப் தளத்தில் நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்து இலவசமாகக் கற்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமும் எவரும் பார்க்கும் வகையில் இணையத்தில் உள்ளது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர்கள் மின்னூல்களையும் பிற மின்வளங்களையும் கட்டணமின்றிப் பயன்படுத்த முடியும்.

ஆனால், இலவச இணையப் பாடங்களில் சேர்வோருள் பெரும்பாலோர் அவற்றை முடிப்பதில்லை என்பதை ஆய்வாளர்கள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர். சோம்பல் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. பணம் கட்டிய வகுப்பிற்கு ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் எதிர்பார்த்திருப்பார். “இன்று எனக்கு வகுப்பு இருக்கிறது” என்று சொன்னால் மேலதிகாரியும் வீட்டாரும் ஏற்றுக்கொள்வார்கள். இலவசப் பாடத்திற்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. வேறு எந்த வேலை வந்தாலும் முதலில் தள்ளிப்போடப்படுவது அதுதான்.

எனவே, இலவசமாகக் கற்பவர் அந்தப் பாதுகாப்பைத் தாமே அமைத்துக்கொள்ளவேண்டும். வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு மாலைகளை ஒதுக்கி வீட்டாரிடம் கூறிவிடலாம். நண்பர் ஒருவருடன் சேர்ந்து பயின்று, வாரந்தோறும் கற்றதை ஒருவருக்கொருவர் விளக்கலாம். பாடத்தின் முடிவில் ஒரு சிறு செயலியையோ இணையப் பக்கத்தையோ உருவாக்குவது என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம்.

கற்கும் வரிசையும் செலவைத் தீர்மானிக்கிறது. ஒரு துறை தமக்குப் பொருந்துமா என்பதை இலவசப் பாடத்தின் மூலம் முதலில் அறிந்துகொள்ளலாம். பொருந்தும் என்று தெரிந்த பின் கட்டணக் கழிவுள்ள பயிற்சியில் சேரலாம். வேலைக்குத் தேவை என்றால் மட்டும் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். இவ்வரிசையை மாற்றி, பெரிய தொகை கட்டிய பிறகு “இது எனக்கு ஏற்றதன்று” என்று உணர்பவருக்குப் பணமும் நேரமும் சேர்ந்து வீணாகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்று முன்னோர் கூறியது பணத்திற்கு மட்டும் உரிய அறிவுரையன்று.

மாணவர்களும் எடுசேவ் கணக்கும்

பணியிடைப் பயிற்சி பெரியவர்களுக்கு மட்டுமே உரியது என்று உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எண்ணக்கூடும். உண்மையில், அவர்களுக்கும் இத்தகைய ஒரு கணக்கு இப்போதே இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்ட எடுசேவ் திட்டத்தின்கீழ், உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் கணக்கில் ஆண்டுதோறும் 290 வெள்ளி சேர்க்கப்படுகிறது. பள்ளி ஏற்பாடு செய்யும் வளமூட்டல் நடவடிக்கைகளுக்கு இத்தொகையைப் பயன்படுத்தலாம்.

எடுசேவ் பணத்தில் நடக்கும் ஒரு நிரலாக்கப் பட்டறைக்கும், வளர்ந்த பின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் சேரும் பயிற்சிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கட்டணத்தின் பெரும்பகுதியைச் சமூகம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டிலும் கற்பவர் தம் பங்காகத் தருவது நேரத்தையும் கவனத்தையும். வகுப்பில் உட்கார்ந்தபடியே மனம் வேறெங்கோ இருந்தால், பிறர் கொடுத்த பணமும் பயனின்றிப் போகும்.

சிங்கப்பூருக்கு இயற்கை வளங்கள் இல்லை. மக்களின் திறனே நாட்டின் செல்வம் என்று அடிக்கடி கூறப்படுகிறது. அச்செல்வத்தைப் பெருக்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அரசாங்கம் கட்டணத்தைக் குறைக்கலாம். முதலாளி வேலை நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். குடும்பத்தினர் வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்டு ஒரு மாலைப்பொழுதை மிச்சப்படுத்திக் கொடுக்கலாம். வேலை முடிந்து களைப்புடன் வந்து கணினியைத் திறந்து பாடம் படிக்கும் தாயோ தந்தையோ வீட்டில் இருந்தால், அன்றைய இரவு உணவுத் தட்டுகளைக் கழுவி வைக்கும் பிள்ளையும் அவரது பயிற்சிச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது.